கோட்டைக்கு ஒரு நீதி, மனிதனுக்கு ஒரு நீதியா?

(செஞ்சியில் நடைபெற்ற கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் சாதாரணமாய் மேடையில் பேசப்படுகிற விஷயமல்ல. ஆணின் மீதே மனம் செல்லும் ஆண்களைச் சர்க்கார்கள் சட்டத்தின் பேரால் பிடித்து அடைப்பதும், அடிப்பதும், சில தேசங்களில் கொல்லுவதும், அதைக் கண்டு மற்ற உலகத்தார் என்ன செய்தார்கள், எங்கே வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பதுமே இன்றைய விஷயம். இதைக் கேட்டதும் சில தோழர்களுக்குச் சிரிப்பு வரலாம். தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் இதென்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். தாய்மார்கள் இருப்பதாலேயே இதைப் பேச வேண்டியிருக்கிறது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்லுவோம். விதவைக்கு மறுமணம் என்று முதலில் மேடையில் சொன்ன போதும், கர்ப்பத்தடை என்று சொன்ன போதும் இதே சிரிப்பும் இதே முகச் சுளிப்பும் இருந்தன. ஆகவே அது நமக்குப் புதிதல்ல.

முதலில் உங்கள் ஊர்ச் சங்கதி ஒன்றைச் சொல்லுகிறோம். 2025ம் வருஷம் ஜூலை மாதத்தில் பாரீசு நகரத்தில் கூடிய உலக மரபுச் சின்னக் கமிட்டியார், மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12ஐத் தங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. அதற்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்று; அது இந்தச் செஞ்சிக் கோட்டை. செய்தி வந்ததும் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், நாமும்தான் சந்தோஷப்பட்டோம். அப்போது நம்மில் எவராவது, "பாரீசில் உட்கார்ந்திருக்கிற அன்னியனுக்கு எங்கள் ராஜகிரியைப் பற்றிப் பேச என்ன அதிகாரம்?" என்று கேட்டோமா? கேட்கவில்லை. ஆனால் அதே ஐக்கிய நாடுகள் சபையின் மற்றொரு கமிட்டி ஜெனீவாவில் கூடி, "உங்கள் நாட்டில் இன்னாரை இன்ன காரணத்துக்காகச் சிறையில் போடுகிறீர்களே, இது தகுமா?" என்று கேட்டால் மாத்திரம், "எங்கள் பண்பாட்டில் தலையிட நீ யார்?" என்று மீசையை முறுக்குகிறோம். அதாவது நம் ஊர்க் கல்லைப் பார்த்து வெளியூரான் நல்லது என்று சொன்னால் அது பெருமை. நம் ஊர் மனிதனைப் பார்த்து இவனை அடிக்காதே என்று சொன்னால் அது அவமானம். இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

இந்தக் கோட்டையில் எத்தனை கொடி ஏறி இறங்கியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். 1677ல் சிவாஜி பிடித்தான். வருஷக்கணக்கான முற்றுகைக்குப் பின் 1698ல் மொகலாயர் பிடித்தார்கள். 1714ல் தேசிங்கு மாண்டான். 1750ல் பிரெஞ்சுக்காரன், 1761ல் இங்கிலீஷ்காரன். ஒவ்வொரு கொடியும் இறங்கிய போது அதைக் கொண்டு வந்தவனும் மூட்டை கட்டிக் கொண்டு போனான். ஆனால் இங்கிலீஷ்காரன் கொண்டு வந்து இறக்கிய ஒரு சரக்கு மாத்திரம், அவன் 1947ல் போன பிறகும் 71 வருஷம் நம் தலையிலேயே இருந்தது. அதுதான் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவு.

அந்தச் சரக்கின் பிறப்பு வளர்ப்பைக் கொஞ்சம் பாருங்கள். இங்கிலாந்தில் எட்டாவது ஹென்றி ராஜா 1533ல், அதுவரை பாதிரிமார்கள் விசாரித்து வந்த ஒரு "பாவ"த்தை ராஜாங்கக் குற்றமாக்கித் தூக்குத் தண்டனை விதித்தான். அங்கே 1835ல்கூட இரண்டு ஏழைகளைத் தூக்கில் போட்டார்கள். மெக்காலே இந்தியாவுக்கென்று 1837ல் தண்டனைச் சட்ட நகல் தயாரித்தபோது இந்தப் பாவமும் கூடவே கப்பலேறி வந்தது. 1860ல் சட்டமாயிற்று, 1862ல் அமுலுக்கு வந்தது. இயற்கைக்கு விரோதமான சேர்க்கைக்கு ஆயுள் தண்டனை அல்லது 10 வருஷம் வரை காவல். இந்தச் சட்டத்தை மாதிரியாக வைத்தே மலாய் நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதினார்கள். 377 என்ற நம்பரைக்கூட மாற்றவில்லை. இலங்கைக்கு 1883ல் வேறு நம்பரில் போயிற்று. பிறகு இங்கிலாந்துக்காரன் 1954ல் ஒரு கமிட்டி வைத்து யோசித்து, 1967ல் தன் வீட்டில் அதை எடுத்து விட்டான். நாமோ அவன் துப்பிய எச்சிலை "நமது புராதனப் பண்பாடு" என்று பெட்டியில் வைத்துப் பூட்டி, மேலும் 51 வருஷம் பூசை செய்தோம்.

ஒரு வார்த்தை. இவர்களைக் குறிக்கத் தெருவில் வழங்கும் இழிசொற்கள் பல உண்டு. மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் 2022ல் வெளியிட்டார்கள். நாம் தன்பாலீர்ப்பினர் என்று சொல்லுவோம். கூவாகத்தில் கூடுகிற திருநங்கையர் வேறு, இவர்கள் வேறு. இரு கூட்டத்தாருக்கும் கிடைத்த அடி மாத்திரம் ஒரே தடியின் அடி.

உலகத்தார் என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு வருவோம். பெரியார் 1932ல் ஐரோப்பாவில் சுற்றுப் பிரயாணம் செய்து பெர்லினில் தங்கியிருந்தது உங்களுக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் அதே பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டு என்ற வைத்தியர் 1919ல் ஏற்படுத்திய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. இவர் 1931ல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து போனவர். ஜெர்மனியில் 1871 முதல் இருந்து வந்த 175வது பிரிவு என்ற சட்டத்தை ரத்து செய்ய வேண்டும் என்று 1897 முதல் கையெழுத்து வாங்கிக் கிளர்ச்சி செய்தவர். ஐன்ஸ்டீன் போன்ற பேரறிஞர்கள் அதில் கையெழுத்திட்டார்கள். காரியம் கைகூடும் போலவும் இருந்தது. ஹிட்லர் வந்தான். 1933 மே 6ந் தேதி அந்த நிலையம் சூறையாடப்பட்டது. சூறையாடியவர்கள் காலிகள் அல்ல, காலேஜ் மாணவர்கள். நாலு நாளில் அங்கிருந்த புத்தகங்களை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். வைத்தியர் வெளிநாட்டில் இருந்ததால் தப்பினார். திரும்பிப் போகவே முடியாமல் 1935ல் பிரான்சில் இறந்தார்.

அந்த 1935லேயே நாஜி சர்க்கார் 175வது பிரிவை இன்னும் கொடுமையாக்கினார்கள். அவர்கள் காலத்தில் சுமார் 50,000 ஆண்கள் தண்டிக்கப்பட்டதாகவும், 5,000 முதல் 15,000 பேர் வரை கொலை முகாம் போன்ற சிறை முகாம்களுக்கு அனுப்பப்பட்டதாகவும் சரித்திரக்காரர்கள் கணக்கிடுகிறார்கள். அங்கே இவர்கள் சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணத் துணி தைக்கப்பட்டிருக்கும். அனுப்பப்பட்டவர்களில் பெரும்பகுதியார் திரும்பவில்லை.

இனிமேல்தான் தோழர்களே நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. 1945ல் ஜெயித்த நேச நாட்டார் முகாம்களைத் திறந்து விட்டார்கள். யூதர் வெளியே வந்தார், அரசியல் கைதி வெளியே வந்தார். இந்த முக்கோணக்காரன் வெளியே வந்தால், "நீ சட்டப்படி குற்றவாளி அல்லவா?" என்றார்கள். மீதித் தண்டனையை அனுபவிக்க மறுபடியும் ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு. நாஜிகள் திருத்திய அந்தக் கொடிய வாசகமே மேற்கு ஜெர்மனியில் 1969 வரை சட்டமாக இருந்தது. அதன்படி இன்னும் சுமார் 50,000 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அதாவது ஹிட்லர் செத்த பிறகும் அவன் எழுதிய சட்டம் சாகவில்லை. பிரிவு முழுவதும் ஒழிந்தது 1994ல். நாஜி காலத்துத் தண்டனைகளை ரத்து செய்தது 2002ல். யுத்தத்துக்குப் பிந்திய தண்டனைகளை ரத்து செய்து நஷ்ட ஈடு கொடுக்கச் சட்டம் செய்தது 2017ல். வாங்கிக் கொள்ள எத்தனை பேர் உயிரோடிருந்திருப்பார்கள்? 1948ல் எல்லா மனிதருக்கும் உரிமை என்று உலகப் பிரகடனம் செய்தபோதும் இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

ருஷ்யாவையும் சொல்லி விட வேண்டும். பொதுவுடைமைப் புரட்சியை நாம் புகழ்ந்து பேசியவர்கள். ஜார் காலத்துச் சட்டத்தைப் புரட்சிக்காரர்கள் எடுத்தெறிந்ததும், 1922ல் செய்த புதுத் தண்டனைச் சட்டத்தில் இந்தக் குற்றமே இல்லாமற் போனதும் மெய்தான். பெரியார் 1932ல் பார்த்த ருஷ்யாவில் இந்தச் சட்டம் கிடையாது. ஆனால் 1933 டிசம்பரிலும் 1934 மார்ச்சிலும் ஸ்டாலின் சர்க்கார் அதைத் திரும்பக் கொண்டு வந்து 5 வருஷம் வரை தண்டனை வைத்தார்கள். அது 1993 வரை இருந்தது. கடவுளை ஒழித்த சர்க்காரே இந்தக் காரியத்தைச் செய்தது. ஆதலால் கடவுள் ஒழிந்தால் இதெல்லாம் தானே ஒழியும் என்று நம்மவர்கள் சுலபமாய்ச் சொல்லி விட்டு உட்கார்ந்து விடக் கூடாது. நாஜியும் ஸ்டாலினும் ஒருவரையொருவர் இந்தப் பழக்கத்தின் பேரால் ஏசிக் கொண்டார்கள் என்பது வேடிக்கை. சிறைக்குப் போனவன் இரண்டு இடத்திலும் ஒரே ஆள்தான்.

இங்கிலாந்தும் லேசுப்பட்டதல்ல. ஆலன் டூரிங் என்ற கணித மேதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். யுத்தத்தில் ஜெர்மானியரின் ரகசியத் தந்திகளை உடைத்துப் படிக்க வழி செய்தவர்களில் முதன்மையானவர். இன்று உங்கள் பையிலிருக்கும் கைப்பேசி வரை வந்திருக்கும் கணினி சாஸ்திரத்துக்கு அஸ்திவாரம் போட்டவர். அவருடைய தாயார் 1881ல் நம்முடைய போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் மெட்ராஸ் ரயில்வேயின் தலைமை இன்ஜினீயர். தகப்பனார் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர். அதாவது இந்தச் சட்டத்தை வைத்து நம்மை ஆள வந்த ஜாதியைச் சேர்ந்த குடும்பம். அந்தக் குடும்பத்துப் பிள்ளையையே 1952ல் இங்கிலாந்து கோர்ட்டு குற்றவாளியாக்கி, ஜெயிலா அல்லது ஆண்மையைக் குறைக்கும் மருந்தா என்று கேட்டது. மருந்தை ஒப்புக் கொண்டார். 1954ல் 41 வயதில் விஷத்தால் இறந்தார். தற்கொலை என்று தீர்ப்பாயிற்று. 2009ல் பிரதம மந்திரி வருத்தம் தெரிவித்தார். 2013ல் ராணி மன்னிப்பு வழங்கினார். யார் யாருக்கு மன்னிப்பு வழங்குவது என்பதே நமக்கு விளங்கவில்லை.

நிற்க. உலகத்தார் வாய் திறந்து பலன் கண்ட இடமும் உண்டு. ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு 1981ல் வட அயர்லாந்துக்காரர் ஒருவரின் வழக்கில், வயது வந்த இருவர் தனியிடத்தில் சம்மதத்தோடு நடந்து கொள்வதைக் குற்றமாக்குவது தவறு என்று தீர்ப்புச் சொல்லிற்று. அதைவிட நமக்கு விளங்கும்படியான கதை ஆஸ்திரேலியாவின் தென்கோடியிலுள்ள டாஸ்மேனியாத் தீவின் கதை. அங்கே ஹோபார்ட் நகரத்துச் சந்தையில் 1988ல் தன்பாலீர்ப்பினர் ஒரு மேசை போட்டு, சட்டத்தை மாற்றக் கையெழுத்து வாங்கினார்கள். செஞ்சியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் ஓர் ஓரமாக நாலு பேர் மேசை போட்டு நோட்டீசு கொடுத்தால் எப்படியோ அப்படி. நகரசபையார் கடை போடக் கூடாது என்றார்கள். இவர்கள் மறுபடியும் போட்டார்கள். போலீசார் வாரா வாரம் பிடித்துக் கொண்டு போனார்கள். இப்படி நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். பிறகு அவர்களில் டூனன் என்பவர் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் கமிட்டிக்கு மனுப் போட்டார். 1994ல் கமிட்டி அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று.

அந்தக் கமிட்டிக்குப் பட்டாளமும் இல்லை, போலீசும் இல்லை. கையில் இருந்தது ஒரு காகிதம். அந்தக் காகிதத்தைப் பிடித்துக் கொண்டு ஊர்க்காரர்கள் விடாமல் போராடினார்கள். மத்திய சர்க்கார் 1994லேயே ஒரு சட்டம் செய்தது. டாஸ்மேனியா சட்டசபை 1997ல் பழைய சட்டத்தை ரத்து செய்தது. நகரசபையார் 2008ல் அந்தக் கைதுகளுக்காக மன்னிப்புக் கேட்டார்கள். நாம் பார்த்த வரையில் வெளிநாட்டுக் குரல் பலித்த இடத்திலெல்லாம் இப்படி உள்ளூர்க் கை ஒன்று அதைப் பற்றிக் கொண்டிருக்கிறது. உள்ளூரில் மேசை போட ஆள் இல்லாத இடத்தில் ஜெனீவாக் காகிதம் ஜெனீவாவிலேயே கிடக்கும்.

நம் தேசத்துக்கு வருவோம். 377ன் கீழ்த் தண்டனை அடைந்தவர்கள் சொற்பம் என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். உண்மைதான், அந்தச் சட்டம் கோர்ட்டில் வேலை செய்ததைவிட ரோட்டில்தான் அதிகம் வேலை செய்தது. மோதிரத்தைக் கழற்று, கடியாரத்தைக் கொடு, இல்லாவிட்டால் ஸ்டேஷனுக்கு வா, வீட்டுக்குச் சொல்லட்டுமா என்று மிரட்டிப் பறிக்கக் கொடுத்த லைசென்சு அது. 2001ல் லக்னோ நகரத்தில் எய்ட்ஸ் நோய்த் தடுப்பு வேலை செய்து வந்த தொண்டர்கள் நாலு பேரை இதன் கீழ்ப் பிடித்து 45 நாளுக்கு மேல் அடைத்து வைத்தார்கள். வியாதி பரவாமலிருக்க வழி சொன்னவன் குற்றவாளி! வெளிநாட்டு மனித உரிமைச் சங்கங்கள் கண்டித்தன. அதே 2001ல் நாஸ் ஃபவுண்டேஷன் என்ற சங்கத்தார் டில்லி ஹைக்கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். 2009 ஜூலை 2ந் தேதி ஹைக்கோர்ட்டு, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு தனியிடத்தில் செய்வதற்கு 377 செல்லாது என்றது. தீர்ப்பில் அந்த டாஸ்மேனியாக் காகிதமும் எடுத்துக் காட்டப்பட்டது.

உடனே அப்பீல். அப்பீலுக்குப் போனவர்கள் யார் தெரியுமா? முதலில் ஓடியவர் டில்லிச் சோதிடர் ஒருவர். நாளும் கோளும் பார்க்கிறவருக்குப் பிறர் வீட்டுப் படுக்கை அறையில் என்ன வேலையோ! அவர் பின்னால் கிறிஸ்தவ சபைகள், முஸ்லிம் தனிச் சட்ட வாரியம், யோகாச் சாமியாரின் ஆள், "மனுவாதி" என்று பெயரிலேயே வைத்துக் கொண்ட ஒரு கட்சி எல்லாம் வரிசையாய் வந்தார்கள். மசூதி என்றால் ஒருவன் இடிப்பான், மதமாற்றம் என்றால் மற்றவன் அடிப்பான். மனிதனை ஜெயிலில் போட வேண்டுமென்றால் மாத்திரம் எல்லா மதமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கொள்ளும். 2013 டிசம்பர் 11ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சோதிடர் பக்கம் தீர்ப்புச் சொல்லி 377ஐ உயிர்ப்பித்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, இந்த ஜனங்கள் எண்ணிக்கையில் மிகச் சொற்பம் என்பது. உரிமைக்குத் தலை எண்ணுவதானால் ஊருக்கு ஒரு வீடு இருக்கும் வண்ணானுக்கும் நாவிதனுக்கும் என்ன கதி?

மறுநாளே ஜெனீவாவிலிருந்து ஒரு குரல் வந்தது. இது இந்தியா பின்னுக்குப் போனதாகும், கோர்ட்டார் மறு ஆலோசனை செய்ய வேண்டும் என்று சொன்ன குரல். சொன்னவர் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை ஹைக்கமிஷனர் நவநீதம் பிள்ளை அம்மையார். யார் இவர்? தென்னாப்பிரிக்காவுக்குப் பிழைக்கப் போன தமிழர் வழியில், டர்பன் நகரத்தில் பஸ் ஓட்டிய ஒருவரின் மகள். வெள்ளையர் அல்லாத பெண்களில் நேட்டால் மாகாணத்தில் முதன்முதலாகச் சொந்தமாய் வக்கீல் தொழில் தொடங்கியவர், அது 1967ல். நிறத்தின் பேரால் எந்த வாசலில் நுழையலாம், எந்த பெஞ்சில் உட்காரலாம் என்று சட்டம் போட்ட தேசத்தில் வளர்ந்தவருக்கு, பிறப்பின் பேரால் ஒருவனைக் குற்றவாளி என்பது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தத் தென்னாப்பிரிக்காதான் நிறவெறி ஒழிந்ததும் 1996ல் எழுதிய அரசியல் சட்டத்தில், இந்தக் காரணத்துக்காக ஒருவரைப் பேதப்படுத்தக் கூடாது என்று உலகத்திலேயே முதலில் எழுதி வைத்தது. 2011 ஜூனில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் கவுன்சிலில் முதல் தீர்மானத்தைக் கொண்டு வந்ததும் அதுவே. 23க்கு 19 என்ற ஓட்டில் நிறைவேறிற்று. இது வெள்ளைக்காரன் நம் தலையில் கட்டுகிற சரக்கு என்பவர்கள் இந்தக் கணக்குக்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

இந்திய சர்க்கார் செய்ததையும் கேளுங்கள். 2014லும் 2016லும் இதே கவுன்சிலில் ஓட்டு வந்தபோது, எந்தப் பக்கமும் சேராமல் கையைக் கட்டிக் கொண்டார்கள். 2015ல் அதைவிட மோசம். ஐக்கிய நாடுகள் சபை தன் சிப்பந்திகளில் தன்பாலீர்ப்பினரின் துணைவருக்கும் சலுகை கொடுத்ததை ருஷ்யா எதிர்த்தபோது, ருஷ்யாவோடு சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள். 43க்கு 80 என்று தோற்றார்கள். கடைசியில் 2018ல் சுப்ரீம் கோர்ட்டு கேட்டபோது, கோர்ட்டாரே பார்த்துக் கொள்ளட்டும் என்று விட்டு விட்டார்கள். அந்த 2018 செப்டம்பர் 6ந் தேதி ஐந்து ஜட்ஜுகளும் ஒருமித்து, சம்மதமுள்ள வயது வந்தவர்களுக்கு 377 செல்லாது என்று தீர்த்தார்கள். பதினேழு வருஷம் இந்த ஊர் ஜனங்கள் கோர்ட்டுப் படி ஏறி இறங்கியதால் கிடைத்தது அது. 2024 ஜூலையில் வந்த புதுத் தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை.

பக்கத்து நாடுகளில் இன்னும் முடியவில்லை. சிங்கப்பூர் 2022 நவம்பரில் ரத்து செய்தது. இலங்கையில், அந்தச் சட்டத்தை எடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதமல்ல என்று 2023ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியும், மசோதா சட்டமாகாமலே அந்தப் பார்லிமெண்டு 2024ல் கலைந்தது. மலேசியாவிலோ இந்தச் சட்டம் அரசியல் கத்தியாகவே பயன்பட்டது. அன்வார் இப்ராஹிம் துணைப் பிரதமராயிருந்து பிரதமரோடு முரண்பட்டதும் அவர் மேல் இந்தக் குற்றம் சாட்டி 2000ல் 9 வருஷம் தண்டித்தார்கள். 2004ல் அது ரத்தாயிற்று. எதிர்க்கட்சித் தலைவராய் வளர்ந்ததும் மறுபடியும் அதே குற்றச்சாட்டு, 2015ல் ஜெயில். இரண்டு முறையும் அவர் முற்றும் மறுத்தார். ஆம்னெஸ்டி சங்கம் அவரை மனச்சாட்சிக் கைதி என்றது. 2018ல் ஆட்சி மாறியதும் மன்னிப்பு. 2022ல் அவரே பிரதமர். இதிலிருந்து தெரிவது, இந்தச் சட்டம் தன்பாலீர்ப்பினரோடு நிற்பதல்ல, ஆள்பவனுக்குப் பிடிக்காத எவன் கழுத்துக்கும் வரும் என்பது.

வெளிநாட்டார் எல்லோரும் யோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. எண்ணெய்க் கிணறு உள்ள தேசத்தாரிடம் பேசும்போது அவர்களுக்குத் தொண்டை கட்டி விடும். 2022ல் கத்தாரில் உலகக் கால்பந்துப் போட்டி நடந்தபோது, ஐரோப்பியக் குழுக்கள் ஏழு, தங்கள் தலைவர்கள் கையில் ஒரு வண்ணப் பட்டை கட்டி இந்த ஜனங்களுக்கு ஆதரவு காட்டப் போவதாக முழக்கமிட்டன. கட்டினால் மஞ்சள் அட்டை காட்டுவோம் என்று கால்பந்து சங்கத்தார் சொன்னார்கள். ஏழும் பட்டையைக் கழற்றி வைத்தன. வீராதி வீரர்களின் மனித உரிமை ஒரு மஞ்சள் அட்டை விலை பெற்றது! உகாண்டாவிலும் பாருங்கள். அங்கே முதலில் இருந்ததும் வெள்ளைக்காரன் வைத்த சட்டம். 2009ல் அமெரிக்கப் பிரசாரகர்கள் போய்க் கூட்டம் போட்டு விரோதத்தை ஊதினார்கள். 2023ல் சில சந்தர்ப்பங்களுக்கு மரண தண்டனை வரை வைத்துச் சட்டம் செய்தார்கள். உலக பாங்க் புதுக் கடனை நிறுத்தி வைத்தது. அதையே காட்டி அந்நாட்டு ஆட்சியாளர்கள், பார்த்தீர்களா அன்னியன் நம்மைப் பணத்தால் அடிக்கிறான் என்று ஜனங்களிடம் வீரம் பேசினார்கள். கடன் பணத்தைக் காட்டி மனிதத் தன்மையை வாங்க முடியாது என்பது நமது அபிப்பிராயம்.

ஆனாலும் வெளிக் குரலே உயிர் காத்த சந்தர்ப்பம் உண்டு. 2017ல் ருஷ்யாவைச் சேர்ந்த செச்னியாவில் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களைப் பிடித்து ரகசியச் சிறைகளில் சித்திரவதை செய்வதாக ஒரு மாஸ்கோப் பத்திரிகை எழுதிற்று. அப்படிப்பட்டவர்களே எங்கள் நாட்டில் இல்லை, இல்லாதவர்களை எப்படிப் பிடிப்போம் என்று அந்தச் சர்க்கார் பதில் சொல்லிற்று. ஜெர்மன் தலைவி மெர்க்கெல் புடினைப் பக்கத்தில் வைத்துக் கொண்டே கேட்டார். கானடா பலரைக் கூட்டிக் கொண்டது. அவர்களை வெளியேற்றி அனுப்பிய கைகள் ருஷ்யாவிலேயே இருந்த சங்கத்தாரின் கைகள். சரித்திரத்தில் இது ஒரு வித்தியாசம்: 1945ல் முகாமிலிருந்து வந்தவனைத் திரும்ப ஜெயிலுக்கு அனுப்பிய உலகம், 2017ல் ஒரு கதவையாவது திறந்து வைத்தது. இன்னும் 60க்கு மேற்பட்ட நாடுகளில் இந்தச் சட்டம் இருக்கிறது.

இனி நம் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிற ஆட்சேபனைகளுக்கு வருவோம். ஜாதியைத் திட்டுவான், சாமியைத் திட்டுவான், இந்த விஷயம் வந்தால் மாத்திரம் நம் தோழனே, "இது இயற்கைக்கு விரோதமல்லவா?" என்பான். இயற்கை என்று சொல்லித்தானே பறையனை வெளியே நிறுத்தினார்கள்? பெண் அடங்கிக் கிடப்பது இயற்கை என்றுதானே மனுவும் சொன்னான்? அம்மை குத்திக் கொள்வதும் கண்ணாடி போட்டுக் கொள்வதும் எந்த இயற்கையில் இருக்கின்றன? இது வியாதி என்பார்கள் சிலர். வியாதி அல்ல என்று அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் 1973லும், உலக சுகாதார ஸ்தாபனம் 1990லும், இந்திய மனநோய் வைத்தியர் சங்கம் 2018லும் சொல்லி விட்டன. குறி சொல்லுகிறவனை நம்பாதே, டாக்டரை நம்பு என்று ஊர் ஊராய்ச் சொன்ன நாம், இதில் மாத்திரம் டாக்டரை விட்டுக் குறி சொல்லுகிறவனிடம் போகலாமா? சிறுவர்களைக் கெடுத்து விடுவார்களே என்பது மற்றொன்று. சிறுவர்களைக் கெடுப்பவன் எவனானாலும், ஆணைக் கெடுத்தாலும் பெண்ணைக் கெடுத்தாலும், அவனைத் தண்டிக்க 2012ம் வருஷத்துச் சட்டம் தனியே இருக்கிறது. நாம் பேசுவது வயது வந்த இருவரின் சம்மதத்தைப் பற்றி.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுவதாகச் சொன்னோம். இப்படிப்பட்ட பிள்ளையை நம் வீடுகளில் என்ன செய்கிறார்கள்? முதலில் கோயில், பிறகு மந்திரவாதி, பிறகு ஊசி போடுகிற டாக்டர். எதிலும் பலிக்காவிட்டால், "ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்தால் எல்லாம் சரியாகி விடும்." யாருக்குச் சரியாகும்? எங்கோ ஓர் ஊரில் பத்தாவது படித்த ஒரு பெண்ணை நகை போட்டு, பாத்திரம் வாங்கி, அந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவள் தன்னிடம் என்ன குறை என்று தெரியாமலே ஆயுள் பூராவும் அழுகிறாள். பிள்ளை பெறாவிட்டால் மலடி என்ற பட்டமும் அவளுக்குத்தான். ஒரு மனிதனைக் குற்றவாளி என்று சர்க்கார் எழுதி வைத்ததால் அவன் ஒளிந்தான். அவன் ஒளிவதற்கு ஒரு பெண்ணை மறைப்புத் துணியாக்கினார்கள். பெண்ணுரிமை பேசுகிற இயக்கத்துக்கு இது சம்பந்தமில்லாத விஷயமா?

சென்னை ஹைக்கோர்ட்டில் 2021 ஜூனில் ஜட்ஜு ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் ஒரு காரியம் செய்தார். இரு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில், தமக்கே இதைப் பற்றிச் சரியான அறிவில்லை என்று சொல்லி, ஒரு மனோதத்துவ நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக் கொண்டு வந்தே தீர்ப்பு எழுதினார். இவர்களை "மாற்றுகிறோம்" என்று செய்யும் வைத்தியத்தைத் தடை செய்தார். போலீசார் துன்புறுத்தக் கூடாது என்றார். பதவியில் இருக்கிற ஒருவர் தெரியாததைத் தெரியாது என்பது நம் நாட்டில் அபூர்வம். ஆனால் 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, இவர்களுக்குக் கல்யாண உரிமை கிடையாது, சட்டசபைகள் பார்த்துக் கொள்ளட்டும் என்று விட்டு விட்டது. நம்முடைய சுயமரியாதைக் கல்யாணங்களையும் கோர்ட்டு ஒரு காலத்தில் செல்லாது என்றது. 1967ல் அண்ணா சர்க்கார் சட்டம் செய்யும் வரை, ஐயர் இல்லாமல் மணந்த நம் தாய்மாரைச் சட்டம் மனைவி என்று ஒப்பவில்லை. அவர்கள் வயிற்றுப் பிள்ளைகளின் சொத்துரிமையும் சந்தேகத்தில் இருந்தது. அந்த அவமானம் எப்படி இருக்கும் என்று இந்தக் கூட்டத்தில் இருக்கிற கிழவர்களைக் கேட்டால் தெரியும்.

நேரமாகி விட்டது, கடைசிப் பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். வழக்கம் போல் கேள்வி கேட்பவர்கள் கேட்கலாம். எழுந்து நின்று கேட்க முடியாதவர்கள் துண்டுச் சீட்டில் எழுதி, தலைவர் மேசை மேலுள்ள டப்பாவில் போடலாம். சீட்டில் பெயர் எழுத வேண்டியதில்லை, ஊரும் எழுத வேண்டியதில்லை. பதில் இப்பொழுதே சொல்லுகிறோம்; முடியாதவற்றுக்கு அடுத்த வாரப் பத்திரிகையில் எழுதுகிறோம்.